கத்தரிக்கோல், பசை, கன்ட்ரோல் விசை

கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துகிறோம். பிறகு கன்ட்ரோலும் வி-யும். வரி இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் என்ன வரலாறு, வேகம்தானே என்று கேட்கலாம். அந்த வேகம் யாருடையது என்பதுதான் இங்கு கேள்வி.

1970களின் நடுவில், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பிராவோ என்றொரு எழுத்துச் செயலி புழக்கத்தில் இருந்தது. அதில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. கட்டளை நிலையில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆணை. அதை மறந்துபோய் 'எடிட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போச்சு. முதல் எழுத்து பிரதி முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அழிக்கும், மூன்றாவது செருகும் நிலைக்குக் கொண்டுபோகும், நான்காவது எழுத்து மட்டும் வெற்றுத் திரையில் அநாதையாக நிற்கும். இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மனிதர் சதா நினைவில் வைத்திருக்க வேண்டும். தவறினால் தண்டனை. இதை ஓர் அதிகார உறவு என்று சொல்வதில் மிகையில்லை.

லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் இந்த உறவைத் திருப்பிப்போட்டார்கள். ஜெராக்ஸுக்குச் சொந்தமாக இருந்த ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக அவர்கள் உருவாக்கியது ஜிப்ஸி என்னும் செயலி. அதற்காக அவர்கள் பார்த்தது பதிப்பக ஆசிரியர்களின் கைகளை. தாளைக் கத்தரித்து, வேறிடத்தில் பசை போட்டு ஒட்டுகிற வேலை அது. நம் சிற்றிதழ்க்காரர்கள் ராத்திரி கண்விழித்துப் பக்கம் ஒட்டிய அதே வேலை. அந்தக் கைகளின் அறிவுதான் 'வெட்டு, ஒட்டு' என்ற கட்டளைகளானது.

1983இல் வெளிவந்த ஆப்பிளின் லிசா கணினியில் இவற்றுக்கான எழுத்து விசைகள் அமைந்தன. எக்ஸ் அடித்தல் குறி. சி ஆங்கிலத்தில் நகல் என்பதன் முதலெழுத்து. வி, மெய்ப்புத் திருத்துவோர் விடுபட்ட சொல்லைச் செருகப் போடும் குறியின் தலைகீழ் வடிவம். டெஸ்லர் தந்த விளக்கம் இது. ஆக, நாம் தினமும் அழுத்துவது ஒரு மெய்ப்புத் திருத்துநரின் பேனாவைத்தான். பிறகு வின்டோஸும் இதே எழுத்துகளைக் கன்ட்ரோல் விசையோடு சேர்த்து எடுத்துக்கொண்டது.

இன்னொரு வரலாறும் உண்டு. கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்கச் செய்யும் 18 அசைவுகளை ஃபிராங்க் கில்பிரெத் 5 ஆகக் குறைத்ததை 1911இல் வெளிவந்த தன் நூலில் டெய்லர் பாராட்டி எழுதினார். மணிக்கு 120 செங்கல் 350 ஆனது. கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. இங்கும் உடல் எண்ணப்படுகிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் தரவு உள்ளீட்டாளர் வேலைக்கு மணிக்கு 8,000 விசையழுத்தம் கேட்டு வந்திருக்கிறது. நொடிக்கு இரண்டுக்கும் மேல்!

குறுக்குவழி விசைகள் இந்த இரண்டு வரலாறுகளும் சந்திக்கிற இடத்தில் இருக்கின்றன. உழைப்பவரின் கையிலிருந்து பிறந்தவை, உழைப்பவரை அளக்கும் கணக்கில் போய்ச் சேர்ந்தன. மொழியும் இதில் தப்பவில்லை. 1999இல் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது, தமிழில் எழுதுகிறோம். வெட்டவும் ஒட்டவும் இன்றும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் தேடிப் போகிறோம். பிரதி தமிழ், ஆணை ஆங்கிலம்.

இதனால் குறுக்குவழிகளைக் கற்க வேண்டாம் என்பதல்ல. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; சுட்டியைத் தேடி ஓடும் கைக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் ஒரு மணி நேர வேலையை முக்கால் மணியில் முடிக்கிறவரின் மேசைக்கு உடனே அடுத்த கோப்பு வந்துவிடுகிறது. மிச்சமான கால் மணி நேரம் யாருக்குப் போனது என்று அலுவலகத்தில், சங்கத்தில் நாம் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது.