மெட்ராஸ் டெரஸ்: கட்டையும் சுண்ணாம்பும் சேர்ந்து தாங்கின தளம்

திருத்தணின்னா மலையும் 365 படியும்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் பேசப்போறது அடிவாரத்துப் பழைய வீடுகளோட மாடித் தளம் பத்தி. 1960 ஏப்ரல் வரைக்கும் இந்த ஊர் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே மெட்ராஸ் மாகாணம். அந்த மாகாணம் பேர் கொடுத்த தளம்தான் மெட்ராஸ் டெரஸ்.

கட்டுற விதம் இதுதான். சுவர்லேருந்து சுவருக்கு தேக்கங்கட்டைகள். அதுக்கு மேல சின்னச் சின்ன செங்கல்லை நிறுத்திவச்சு, குறுக்குவாட்டா, சுண்ணாம்புச் சாந்துல ஒட்டுவாங்க. அப்புறம் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பு, கடுக்காய்–வெல்லத் தண்ணி தெளிச்சு நாள்கணக்குல மரக்கட்டையால அடிப்பாங்க. கடைசியா தட்டு ஓடு.

மரத்துக்கு ஒரு குணம் உண்டு: பாரம் அப்படியே இருந்தாலும் வருஷம் போகப்போக தொய்யும். முதல்ல தொய்ஞ்சதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலகூடப் போகலாம். 1970கள்ல கனடாவோட ஒன்டாரியோவுல, ஆணி அடிச்ச மரப்பாலங்கள் லாரி ஓடி ஓடித் தளர்ந்தப்போ, பலகைகளுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி விட்டு இறுக்கினாங்க. நல்ல யோசனை! ஆனா மரம் அழுத்தத்துல நசுங்கி, கம்பியோட இறுக்கம் குறைஞ்சுது. அதனால சில வாரத்துல திரும்பத் திரும்ப முறுக்கணும். எங்க வேலையில இதை மெயின்டனன்ஸ்னு சொல்வோம், யாருக்கும் பிடிக்காது.

மெட்ராஸ் டெரஸ்ல இறுக்குறதுக்கே எதுவும் இல்ல. சுண்ணாம்பு மெதுவான பொருள், கட்டை தொய்ஞ்சா அதுவும் கூடவே கொஞ்சம் வளையும். மயிரிழை விரிசல் விட்டா, மழைத்தண்ணில கரைஞ்ச சுண்ணாம்பே மறுபடி படிஞ்சு அடைச்சுக்கும்.

அப்போ எது கெடுக்குது? பெரும்பாலும் சுவருக்குள்ள போற கட்டையோட முனை. ஈரம் தங்கி, கரையான் ஏறுறது அங்கதான். ஒழுகுதேன்னு மேல சிமெண்ட் பூசிடுறோம். சிமெண்ட் விறைப்பு, கட்டையோட சேர்ந்து வளையாது. வெடிச்சு தண்ணியை விடும், விட்ட தண்ணியை ஆவியாகவும் விடாது.

எங்க பாட்டி வீட்டுலயும் இப்போ இதே பிரச்சினை. மாமா, "இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்டா"ங்கிறார். நான் அவருக்குச் சொன்ன உதாரணம் சேப்பாக்கம் கலச மஹால். 2012 ஜனவரியில தீப்பிடிச்சு கூரை விழுந்த அந்தக் கட்டடத்தைப் பொதுப்பணித்துறை பழைய முறையிலேயே மீட்டுக் கட்டினாங்க. செலவு அதிகம், சுண்ணாம்பு அடிக்கத் தெரிஞ்ச கொத்தனாரும் குறைவு, அது உண்மைதான். ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி சிமெண்டைச் சுரண்டி எடுத்துட்டு, ஒவ்வொரு கட்டையோட முனையையும் கூர்மையான கம்பியால குத்திப் பாருங்க மாமான்னு சொல்லியிருக்கேன். கம்பி உள்ள இறங்குற கட்டையை மட்டும் மாத்தினா போதும்.