பனிக்கு முந்திக்கொள்

போன ஆனி மாதத்தில் ஒரு நாள் என் அக்காள் மகன் பெரிய தேசப் படம் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் பின்னாலேயே அக்காளும் வந்தாள்.

"மாமா, புல்லட்டில் லடாக்குக்குப் போகப் போகிறேன்" என்றான் பிள்ளையாண்டான்.

"போகட்டும், தீபாவளிக்கு வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். நீயும் சொல்லு, தம்பி" என்றாள் அக்காள்.

விசாரித்ததில், தாய்க்கும் பிள்ளைக்கும் முன்பே உடன்படிக்கை ஆகிவிட்டது தெரிந்தது. அவ்வருஷம் தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, மறுநாள் காலையில் கிளம்புவது. சென்னையிலிருந்து ஸ்ரீநகருக்குச் சுமார் 3,000 கிலோமீட்டர். நாளைக்கு 300 கிலோமீட்டர் வீதம் பத்து நாள். அங்கிருந்து லே நகருக்கு இன்னும் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். கிளட்ச் கேபிள், டியூப், பிளக், கம்பளிக் கையுறை, பெட்ரோல் டின் என்று ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தான். எல்லாம் இருந்தது, பனி எப்போது விழும் என்ற ஒரு கேள்வி மட்டும் அந்த நோட்டில் இல்லை.

எனக்கு மோட்டார் சைக்கிளில் தெரிந்த பாகம் பின் ஆசனம் ஒன்றுதான். ஆனால் கதை எழுதுகிறவனுக்குப் பழைய சண்டைகளைப் படிக்கிற கெட்ட வழக்கம் உண்டு அல்லவா? ஆகவே படத்தை மேஜைமேல் விரிக்கச் சொல்லி, சோஜி லா என்ற கணவாயின்மேல் விரலை வைத்தேன். காஷ்மீரத்துக்கும் லடாக்குக்கும் இடையே உள்ள வாசற்படி அது. உயரம் சுமார் 11,500 அடி. அந்த வாசலுக்குக் காவற்காரன் பனிதான். "அவனிடம் தேதி கேட்காமல் போன ஒருவரின் கதையை முதலில் கேள்" என்றேன்.

ஜம்முவின் ராஜா குலாப் சிங்கிடம் ஜோராவர் சிங் என்று ஒரு தளபதி இருந்தார். அசகாய சூரர். 1834-இல் லடாக்குக்குள் புகுந்து, பிறகு அதை வென்றவர். 1841-இல் அவர் மேற்குத் திபெத்தின்மேல் படையெடுத்துப் போனார். கோடை முழுதும் வெற்றிமேல் வெற்றி. செப்டம்பரில் மானசரோவருக்குத் தெற்கே உள்ள தக்லாகோட்டும் கைவசமாயிற்று. அப்போதே திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. பனி விழுந்தது. பின்னால் இருந்த கணவாய்கள் அடைபட்டன. சாமான் வரும் வழி அற்றுப் போயிற்று. சிப்பாய்களின் கைவிரலும் கால்விரலும் உறைந்து மரத்துப் போயின. குளிர் தாங்காமல் துப்பாக்கிகளின் மரக்கட்டையையே சிலர் எரித்துக் காய்ந்தார்களாம்! டிசம்பரில் நடந்த சண்டையில் ஜோராவர் சிங்கும் மாண்டார். அவரை வென்றவர்கள் திபெத்தியர்கள் என்று சரித்திரம் சொல்கிறது. பாதி வெற்றி பனிக்குச் சேர வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளையாண்டான் முகம் சற்று வாடிவிட்டது. அக்காளோ, "அப்படியானால் போகவே வேண்டாம்!" என்று ஆரம்பித்தாள். "அவசரப்படாதே, அக்கா. பனியோடு பந்தயம் போட்டு ஜெயித்தவர்கள் கதையும் இருக்கிறது. அதில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு" என்றேன்.

அது 1948-ஆம் வருஷம். காஷ்மீரத்தில் யுத்தம். கார்கில், திராஸ், சோஜி லா எல்லாம் எதிரி வசமாகிவிட்டன. லே நகரம் தரை வழியில் துண்டிக்கப்பட்டுத் தனியே நின்றது. மே மாதத்தில் ஏர் கமோடோர் மெஹர் சிங் டகோட்டா விமானத்தை லேயில் இறக்கி வழி காட்டினார். ஆனால் ஒரு நகரத்தை எத்தனை நாள் ஆகாயத்திலிருந்தே போஷிக்க முடியும்? செப்டம்பரில் கணவாயைப் பிடிக்கச் செய்த முயற்சி தோற்றது. பனிக்காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. தவற விட்டால் மறு வசந்தம் வரைக்கும் கணவாய் திறக்காது.

அப்போதுதான் ஜெனரல் திம்மய்யா, மலைமேல் டாங்கிகளை ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஸ்டூவர்ட் டாங்கி லேசான ரகம் என்று பெயர். அதுவே ஏறக்குறைய 15 டன்! கணவாயில் இருந்ததோ கோவேறு கழுதை போகும் தடம். ஏழாவது லைட் காவல்ரியின் டாங்கிகள், மேல் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, ரகசியமாக ஸ்ரீநகர் வழியே கொண்டுவரப்பட்டன. கழுதைத் தடத்தை வண்டிப் பாதையாக்கும் வேலை மதராஸ் சாப்பர்ஸ் படையின் இரண்டு கம்பெனிகளுக்கு வந்தது. 1780-இல் தோன்றிய பழம் படை அது. தென்னாட்டுப் பிள்ளைகள் நிறைந்தது. ஆயுளில் பனியைப் பார்த்தறியாத ஊர்களிலிருந்து போனவர்கள், பனி விழுவதற்குள் பாறையை உடைத்துப் பாதை போட்டார்கள். நவம்பர் 1-ஆம் தேதி டாங்கிகள் மேலே ஏறின. அத்தனை உயரத்தில் டாங்கியை எதிரி கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கணவாய் வீழ்ந்தது, பிறகு திராஸ். அந்த மாதம் முடிவதற்குள் கார்கிலில், லேயிலிருந்து வந்த படையுடன் கை கோத்தாயிற்று.

"ஜோராவர் சிங்குக்குத் தைரியம் குறைவா? இல்லவே இல்லை. இவர்கள் காலண்டரைப் பார்த்து வேலை செய்தார்கள், அவர் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்" என்றேன்.

"இப்போது ரோடு இருக்கிறதே, மாமா? அடைத்தாலும் சில வாரத்தில் திறந்துவிடுகிறார்களாமே?"

வாஸ்தவம். முன்பு மாதக் கணக்கில் மூடிக் கிடந்த பாதையை, எல்லைச் சாலை நிறுவனத்தார் அண்மை வருஷங்களில் வாரக் கணக்குக்குக் குறைத்திருக்கிறார்கள். மலையைக் குடைந்து சுரங்கப் பாதை போடும் வேலையும் 2020-இல் தொடங்கியது. ஆனால் ரோடு திறந்திருப்பது வேறு, இரண்டு சக்கரத்தில் நிற்க முடிவது வேறு. பகலில் உருகிப் பாதையில் வழியும் நீர் இரவில் கண்ணாடியாக உறைகிறது. லாரி அதன்மேல் சங்கிலி கட்டிக்கொண்டு போய்விடும். மோட்டார் சைக்கிள் சறுக்கிப் படுத்துவிடும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். என்ஜினும் மூச்சு வாங்கும், ஓட்டுகிறவனும் மூச்சு வாங்குவான்.

புல்லட் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. ராணுவத்துக்கு இந்த வண்டி வேண்டும் என்று வந்த ஆர்டரை ஒட்டித்தான் 1955-இல் சென்னையில் அதற்கென்று கம்பெனி ஏற்பட்டது. தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. வண்டியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தேதியைப் பற்றித்தான்.

கடைசியில் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆடி, ஆவணியில் மழையால் ஜம்மு மலைப் பாதையில் மண் சரியும். ஆகவே செப்டம்பர் முதல் வாரம் புறப்பாடு. அக்டோபர் ஐந்தாம் தேதிக்குள், லேயைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, சோஜி லாவுக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட வேண்டும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் அவன் கையாலேயே எழுத வைத்தேன்.

அக்காள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் தீபாவளிக்கு வீட்டில் இருப்பான் என்று சொல்லு!" என்றாள்.

இருந்தான். கன்னமெல்லாம் வெயிலிலும் குளிரிலும் உரிந்து போய், வாசலில் உட்கார்ந்து மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தான். லே வரைக்கும் போனாயா என்று கேட்டேன். இல்லையாம். கார்கிலோடு திரும்பிவிட்டானாம். வழியில் வண்டி ரிப்பேரில் நாலு நாள் போய்விட்டதாம்.

"ஐந்தாம் தேதி என்று எழுதியிருந்தோமே, மாமா" என்றான்.