புல்லை அளந்து ஆட்டை எண்ணியவர்கள்

பழைய ஐஸ்லாந்தின் விவசாயிக்கு மாரிகாலக் கவலை செப்ரெம்பரிலேயே தொடங்கிவிடும். கோடை முழுதும் மலைகளில் மேய்ந்த செம்மறிகளை ஊரார் கூடி இறக்கி, காதுக்குறி பார்த்து உரியவரிடம் பிரித்துக் கொடுப்பர். பின்னர் வீட்டுக்காரன் தன் காய்ந்த புல்லை அளப்பான். அது எத்தனை ஆட்டுக்குக் காணுமோ அத்தனைதான் பட்டியில் நிற்கும்; மிச்சம் கத்திக்குப் போகும்.

மறிகளோடு கடாவை டிசெம்பரில்தான் சேர்ப்பர். சினைக்காலம் ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே குட்டிகள் மே மாதத்தில், புதுப்புல்லோடு பிறக்கும். வசந்தம் பிந்தினாலோ, சினைமறிக்குத் தீனி அதிகம் வேண்டிய நாட்களிலேயே புல் தீர்ந்துவிடும். ஆசையால் நாலு ஆட்டைக் கூடுதலாக வைத்தவன் முழுப் பட்டியையுமே இழக்க நேரும்.

1783 யூன் 8இல் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்தது. எட்டு மாதம் அது கக்கிய புகையிலிருந்த புளோரின் புல்லில் படிந்தது. அதைத் தின்ற ஆடுகளின் பற்களும் எலும்புகளும் சிதைந்தன. நாட்டின் செம்மறிகளில் முக்கால் பங்குக்கு மேல் மடிந்தன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மாண்டனர்.

அந்த ஆண்டு கணக்கைச் சரியாகப் போட்டவனும் தப்பவில்லை. அவன் அளந்து வைத்த புல்லே நஞ்சாக இருந்தது. பஞ்சத்தில் செத்தவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதும் வரலாறுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.