வண்ணார் துறையில் ஒரு வாக்கு

மதுரை எரியப் போகிறது என்று முன்கூட்டியே ஒரு சேதி ஊரில் உலவிக்கொண்டிருந்தது. தெரியுமா உங்களுக்கு?

சிலப்பதிகாரத்தில் வருகிறது. கண்ணகி ஊருக்குத் தீ வைத்த பிறகு, மதுராபதித் தெய்வம் அவள் பின்பக்கமாக வந்து நின்று மெள்ளப் பேச்சுக் கொடுக்கிறது. பாண்டியர் குலம் நீதி தவறாத குலம், உன் புருஷனுக்கு நேர்ந்தது போன பிறவி வினை என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு தகவலைப் போடுகிறது. ஆடி மாசம், தேய்பிறை அஷ்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மதுரையும் அழியும், அரசும் அழியும் என்று ஒரு பழம்பேச்சு உண்டாம்.

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாத மனுஷர் ஒருவர் இருந்தார். எல்.டி.சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கத்தோலிக்கக் கிறிஸ்தவர். 1925-ல் சென்னைச் சட்டசபைக்குத் தலைவராகவே ஆனவர். பஞ்சாங்கக் கணிதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாசம், திதி, நட்சத்திரம், கிழமை நாலும் ஒன்றாகப் பொருந்துகிற வருஷம் எது என்று கணக்குப் போட்டு, கி.பி. 756 என்றார். தமிழறிஞர்கள் பலரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது தனிக் கதை.

‘நடக்கும்’ என்று ஒருத்தர் சொன்னதை எடுத்து வைத்துக்கொண்டு, ‘எப்போது நடந்தது’ என்று பல நூறு வருஷம் கழித்து இன்னொருத்தர் தேடுகிறார். நமக்கு இது இலக்கிய ஆராய்ச்சி. இதே வேலையை வேறொரு புத்தகத்தின் மேல் செய்யப் போய்த்தான் ஐரோப்பாவில் புத்தகங்கள் வண்டி வண்டியாக எரிந்தன, ஆட்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அந்தப் புத்தகம் யூதர்களின் எபிரேய வேதம். கிறிஸ்தவர்கள் ‘பழைய ஏற்பாடு’ என்பார்கள்.

ஒரே ஒரு வசனத்தைப் பார்ப்போம்.

கி.மு. 735 வாக்கில் ஜெருசலேமில் ஆகாஸ் என்று ஒரு இளவயசு ராஜா. வடக்கே இரண்டு ராஜாக்கள், சிரியாக்காரரும் இஸ்ரவேல்காரரும், கூட்டணி போட்டுக்கொண்டு அவன் மேல் படையெடுத்து வருகிறார்கள். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன வழி என்று பார்க்கத்தானோ என்னவோ, ஆகாஸ் மேல்குளத்துக் கால்வாய்ப் பக்கம் நிற்கிறான். வண்ணார் துறைக்குப் போகிற பாதை. அங்கே ஏசாயா தீர்க்கதரிசி தன் மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறார். ‘பயப்படாதே, இவர்கள் இரண்டு பேரும் புகைந்து ஓய்கிற கொள்ளிக்கட்டைகள்’ என்கிறார். வேண்டுமானால் ஒரு அடையாளம் கேள் என்கிறார். ராஜா பவ்யமாக மறுக்கிறான். ஏசாயாவுக்குக் கோபம். நீ கேட்காவிட்டாலும் தருகிறேன் பார் என்று சொல்கிறார்: ஒரு பெண் பிள்ளை பெறுவாள், இம்மானுவேல் என்று பேர் வைப்பாள், அந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரிகிற வயசு வருவதற்குள் உன் எதிரிகள் இரண்டு பேரின் தேசமும் பாழாய்ப் போகும்.

அப்படியே ஆனது. கி.மு. 732-ல் அசீரியா டமாஸ்கஸைப் பிடித்தது. பத்து வருஷத்தில் சமாரியாவும் போயிற்று. என்ன, ஆகாஸ் தீர்க்கதரிசியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கோயில் வெள்ளியையும் பொன்னையும் அள்ளி அசீரிய ராஜாவுக்கு அனுப்பி வாலைப் பிடித்துக்கொண்டான். கப்பம் கட்டியவர்கள் பட்டியலில் அவன் பெயர் அசீரியக் கல்வெட்டிலேயே இருக்கிறது.

யூதர்களைப் பொறுத்தவரை அந்த வசனத்தின் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பிள்ளை ஏசாயாவின் மகன் என்று ஒரு கட்சி, ஆகாஸின் மகன் எசேக்கியா என்று இன்னொரு கட்சி. அவ்வளவுதான் சண்டை.

ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் மத்தேயு சுவிசேஷம் அதே வசனத்தை எடுத்து, இயேசுவின் பிறப்பில் இது நிறைவேறியது என்று எழுதுகிறது. கன்னி ஒருத்தி பிள்ளை பெற்றாள், இதோ பார் சாட்சி.

வில்லங்கம் ஒரு சொல்லில் இருக்கிறது. ஏசாயா சொன்ன எபிரேயச் சொல் ‘அல்மா’. கல்யாண வயசுப் பெண் என்று பொருள். கன்னித்தன்மையை அழுத்திச் சொல்ல ‘பெதுலா’ என்று தனிச் சொல் உண்டு. அதை அவர் இங்கே போடவில்லை. பிறகு ‘கன்னி’ எங்கிருந்து வந்தது? எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்து. அங்கே வாழ்ந்த யூதர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். அதில் ‘பார்த்தெனோஸ்’ என்று போட்டார்கள். மத்தேயு எடுத்தது அதைத்தான். ஆகவே, ‘கிறிஸ்தவர்கள் திருத்திவிட்டார்கள்’ என்கிற குற்றச்சாட்டு இந்த இடத்தில் நிற்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய வாக்கைத் தன் காலத்துக்குப் பொருத்துவது யூத வழக்கம்தான். 1947-ல் சாக்கடல் குகையில் கிடைத்த சுருள்களில் ஒன்று, ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னதையெல்லாம் வரி வரியாகத் தங்கள் குழுவின் குருவுக்கே பொருத்திக் காட்டுகிறது. மத்தேயுவும் யூதர். அதே பள்ளிக்கூடம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஆகாஸின் வாசலில் கடன்காரன் நிற்கிறான். அவன் கையில் எழுநூறு வருஷம் தள்ளித் தேதி போட்ட செக்கைக் கொடுத்தால் அவனுக்கு என்ன பிரயோஜனம்? அந்த வாக்கு முதலில் அவனுக்குக் காசாகியே தீர வேண்டும். கிறிஸ்தவ இறையியலாளர்களில் பலர் இதை மறுப்பதில்லை. அன்றைக்கு ஒரு அர்த்தம், முழு அர்த்தம் பின்னால் கிறிஸ்துவில் என்பார்கள். நம்பிக்கையாளரின் வாசிப்பு என்ற அளவில் அதில் எனக்கு வழக்கு இல்லை. இரண்டாவது அர்த்தம் உள்ளே வந்து முதல் அர்த்தத்தை வீட்டை விட்டே துரத்தும்போதுதான் வம்பு.

துரத்தினார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்கிற கிறிஸ்தவ அறிஞர் எழுதிய உரையாடல் நூலில், டிரைஃபோ என்கிற யூதர் ‘அது இளம்பெண் ஐயா, கன்னி இல்லை’ என்று மறுக்கிறார். உங்கள் வேதமே உங்களுக்குப் புரியவில்லை என்பதுதான் ஜஸ்டினின் பதில். அப்போது கிறிஸ்தவர்கள் கையில் அதிகாரம் இல்லை, அது வெறும் வாதம். அதிகாரம் வந்த பிறகு? 1240-ல் பாரிஸில் யூதர்களின் தல்மூதைக் கூண்டில் ஏற்றி விசாரித்து, 1242-ல் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். 1263-ல் பார்சிலோனாவில் ராஜா முன்னிலையில் நாக்மனிதஸ் என்கிற ரப்பியை நிறுத்தி, ‘மேசியா வந்தாயிற்று என்று உங்கள் நூல்களே சொல்கின்றன’ என்று வாதாடினார்கள். கிழவர் நன்றாகவே பதில் சொன்னார். பரிசாக, சில வருஷத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது.

இந்த ‘உங்கள் புத்தகம் சொல்வது எங்களைத்தான்’ என்கிற வாதம் மதுரைக்கும் வந்தது. 1606-ல். கொண்டுவந்தவர் ராபர்ட் டி நொபிலி. இத்தாலியப் பிரபுக் குடும்பம், சேசு சபைச் சாமியார். காவி கட்டினார், கட்டைச் செருப்பு போட்டார், தமிழும் சம்ஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் ஆனார். வேதம் நாலு, அதில் மோட்சத்துக்கு வழி சொல்கிற ஒன்று தொலைந்துபோயிற்று என்று இங்கே ஒரு பேச்சு இருந்தது. நொபிலி அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ‘தொலைந்த அந்த வேதத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறேன்’ என்றார். அவர் மேல் ரோமாபுரி வரை புகார் போய், 1623-ல் போப்பாண்டவரின் அனுமதி கிடைத்தது வேறு விஷயம். ஏசாயாவுக்குச் செய்த அதே வைத்தியம்தான் இது, இடம் மட்டும் வைகைக்கரை. ஒரே வித்தியாசம், இங்கே அவர் பின்னால் ராஜாவின் படை இல்லை. கேட்டவர்கள் கேட்டார்கள், மற்றவர்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சரி, தமிழில் ‘அல்மா’ என்ன ஆயிற்று? தரங்கம்பாடியில் 1706-ல் இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றிவிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் வந்தார், 1719-ல் இறந்துபோனார். ஏசாயா அவர் கைக்கு எட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள். 1871-ல் வெளியான பவர் ஐயரின் மொழிபெயர்ப்புதான் சி.எஸ்.ஐ. வீடுகளில் இன்றும் புழங்குவது. அதில் ஏசாயாவிலும் ‘கன்னிகை’, மத்தேயுவிலும் ‘கன்னிகை’. படிக்கிறவருக்கு அல்மா என்று ஒன்று இருந்ததே தெரியாது.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நம் பக்கத்து ஊர்களில் ‘வீட்டில் குமரு இருக்கு’ என்பார்கள். கல்யாண வயசுப் பெண் என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சோதனை போடுவதில்லை. அல்மாவுக்கு அச்சு அசலாக அளவெடுத்த சொல். யாரும் அதை எடுக்கவில்லை.

அமெரிக்காவில் 1952-ல் ஒரு புதிய ஆங்கில பைபிள் ஏசாயாவில் ‘இளம்பெண்’ என்று போட்டதும் ரகளை. வட கரோலினாவில் ஒரு பாஸ்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொளுத்தியே விட்டார். தமிழில் 1995-ல் திண்டிவனத்தில் இருந்து ‘திருவிவிலியம்’ வெளிவந்தது. கத்தோலிக்கர்களும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. அதில் எசாயா ஏழாம் அதிகாரத்தில் ‘இளம்பெண்’ என்று போட்டார்கள். மத்தேயுவில் ‘கன்னி’யை அப்படியே வைத்துக்கொண்டார்கள். வண்ணார் துறையில் நின்ற ஆகாஸுக்கு அவன் பங்கு, மத்தேயுவுக்கு அவர் பங்கு.

மதுரையில் இரண்டு பைபிளும் கிடைக்கும். ஒன்றில் ‘ஏசாயா’ என்று இருக்கும், இன்னொன்றில் ‘எசாயா’. இரண்டிலும் ஏழாம் அதிகாரம், பதினான்காம் வசனம். அதோடு மூடிவிடாமல், பதினாறாவது வரைக்கும் படியுங்கள்.