நீரின் மட்டமும் பெரியாற்றின் அணையும்

பாய்ந்து செல்லும் இயல்புடைய பொருள்களைப் பாய்மங்கள் என்பர் அறிவியலார். நீரும் எண்ணெயும் பாய்மங்கள். நாம் உயிர்க்கும் காற்றும் பாய்மமே. தமக்கென ஒரு வடிவம் இவற்றுக்கு இல்லை. கலத்தின் வடிவத்தையே தம் வடிவமாகக் கொள்ளும். மெல்லத் தள்ளினாலும் விலகி வழிவிடும். இத்துணை நெகிழ்ந்த பொருளே கல்லணையைத் தள்ளிச் சாய்க்கவும், எந்திரங்களைச் சுழற்றவும் வல்லதாக இருக்கிறது. அந்த வலிமை அதற்கு எங்கிருந்து வருகிறது? இவ்வினாவுக்கு விடை காணப் போடிநாயக்கனூரும் அதன் மேற்கே நிற்கும் ஏலமலைச் சரிவுகளும் நல்லதொரு வகுப்பறையாகும்.

முதலில் காற்றைக் காண்போம். போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பேருந்தில் ஏறுகின்றவர்களுக்குப் பாதிவழியில் காது அடைத்துக்கொள்வது வழக்கம். இரண்டு இடங்களுக்கும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வேறுபாடு உண்டு. மேலே செல்லச் செல்ல நம் தலைமீதுள்ள காற்றின் சுமை குறைகிறது. மெட்டை அடையும்போது காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இந்த உண்மையை முதன்முதலில் அளந்து காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அவருடைய வேண்டுகோளின்படி அவர் மைத்துனர் பெரியே என்பவர் 1648ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் புய் த டோம் என்னும் மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறினார். அம்மலையின் ஏற்றமும் நம் மெட்டின் ஏற்றத்தை ஒத்ததே. உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கி நின்றது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இதே காற்றுத்தான் போடிக்கு மழையை மறுக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவாதலால் அது விரிகிறது, விரிவதனால் குளிர்கிறது, குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி மேகமாகி மலையின் மேற்குப் பக்கத்தில் மழையாய்ப் பொழிகிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போது அழுத்தம் மிகுந்து சூடேறி வறண்ட காற்றாகிறது. ஆகவேதான் மலைமேல் ஏலச் செடி ஈரத்தில் செழித்திருக்க, அதன் அடிவாரமோ வானம் பார்த்து நிற்கிறது.

ஏலக்காயைப் பதப்படுத்துவதிலும் இந்த அறிவியலே பயன்படுகிறது. பறித்த பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் உலர்த்தும் கூடத்தில் அடுப்பு எரித்து அதன் வெப்பத்தைக் குழாய்களின் வழியே செலுத்துவர். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழுந்து, தட்டுகளில் பரப்பிய காய்களின் ஊடே சென்று, ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலே வெளியேறும். அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து புதிய காற்று தானே வரும். காற்றை ஓட்டுவது அடர்த்தி வேறுபாடு ஒன்றே. வெப்பம் மிகுந்தால் காயின் பசுமை கெடும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாகிப் போடிச் சந்தைக்கு இறங்குகிறது.

இனி நீருக்கு வருவோம். மலையின் மேற்கே பொழியும் மழையைப் பெரியாறு ஏந்திச் சென்று அரபிக்கடலில் சேர்க்கிறது. கிழக்கேயோ வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்தது. இடையில் நிற்பது ஒரு மலை முகடே. அங்கே வீணாகும் நீரை இங்கே திருப்பலாகாதா என்ற எண்ணம் பழையது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே இதனை ஆராய முற்பட்டார், பொருட்செலவு தடுத்தது. 1808இல் இடத்தைப் பார்வையிட்ட கால்டுவெல் என்னும் படைப்பொறியாளர் இது நடவாத கனவென்று எழுதினார். பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அதன்பின் இத்திட்டத்தைத் தள்ளிவைக்க ஆள்வோர்க்கும் மனம் வரவில்லை. 1882இல் ஜான் பென்னிகுக் என்னும் பொறியாளரிடம் விரிவான திட்டம் வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது.

பெரியாறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப வேண்டுமானால் நீரை முதலில் நூறு அடிக்கு மேல் உயர்த்த வேண்டும். எந்த இறைவைப் பொறி ஓர் ஆற்றையே ஏற்றும்? விடையை நீரின் இயல்பே தந்தது. ஓடும் நீரைத் தடுத்தால் அது தானே உயரும். உயர்ந்து நிற்கும் நீர் எத்தனை கிளையாகப் பிரிந்தாலும் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும். வாய் ஒன்று குறுகியும் மற்றொன்று அகன்றும் உள்ள இரு குழாய்களை அடியில் இணைத்து நீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகவே இருக்கும். அதுபோல், அணையருகே நீர் ஏறினால் பல மைல் தள்ளியுள்ள தேக்கடிக் கிளையிலும் அதே மட்டத்துக்கு ஏறும். அங்கே 104 அடி மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம் குடைந்தால் போதும். எஞ்சியதைச் சரிவு பார்த்துக்கொள்ளும். ஆக, பெரியாற்று அணை நீரைச் சேமிப்பதற்கு மட்டும் எழுந்ததன்று. நீரை உயர்த்துவதற்கு எழுந்ததாகும்.

1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளைப் பலமுறை அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் பலநூறு தொழிலாளரைப் பலிகொண்டன. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. சுண்ணாம்புடன் சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சேர்த்துக் குழைத்த காரையும் கருங்கல்லும் கொண்டு அணை எழுந்தது. நீருக்கடியிலும் இறுகும் தன்மை இக்காரைக்கு உண்டு. 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே போன நீர் கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் நெல் விளையும் நிலங்களாயின. பின்னாளில் 18ஆம் கால்வாய் வழியே போடி வட்டத்துக்கும் இந்நீரில் பங்கு கிடைத்தது. இன்றும் தைத்திங்களில் பென்னிகுக் பிறந்தநாளன்று இப்பகுதி ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்நீர் மலைச்சரிவில் வீணே விழுந்து வந்தது. 1950களின் இறுதியில் அதனை இரும்புக் குழாய்களில் அடக்கி லோயர் கேம்பில் மின்நிலையம் அமைத்தார்கள். ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட வீழ்ச்சி அது. ஆயிரம் அடி உயர நீர் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் தரும். அதாவது காற்றழுத்தத்தைப்போல் முப்பது மடங்கு. அந்த அழுத்தமே வேகமாக மாறிச் சுழலிகளைச் சுற்றுகிறது. அழுத்தம் குறைய வேகம் பெருகும் என்னும் உறவை 1738இல் நூலாக எழுதியவர் டேனியல் பெர்னூலி. அவர் வகுத்த விதி, தொடக்கத்தில் நான்கு எந்திரங்களிலிருந்து 140 மெகாவாட் மின்சாரமாக நமக்குப் பயன்பட்டது.

இனி அணையின்மேல் நீர் செலுத்தும் விசையைக் கணக்கிடுவோம். பின்னால் தேங்கிய ஏரி பெரிதாயின் அணைமீது தாக்குதலும் பெரிதாகும் என்று பலர் எண்ணுவர். அது பிழை. 1586இலேயே சைமன் ஸ்டெவின் காட்டியபடி, நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றிப் பரப்பைப் பொறுத்ததன்று. பத்துச் சதுர மைல் ஏரியும் பத்தடி அகலக் குட்டையும் ஒரே ஆழமாயின் மதிலை ஒரே அளவில்தான் தள்ளும். ஆனால் ஆழம் கூடும்போது விசை அதன் இருமடி அளவில் கூடும். அடியிலிருந்து 136 அடி நீர் நின்றால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் ஏறத்தாழ 860 டன் விசையுடன் தள்ளும். 142 அடி நின்றால் அது ஏறத்தாழ 940 டன்னாகும். நீர் கூடியது நூற்றுக்கு நாலரைப் பங்குக்கும் குறைவு. விசை கூடியதோ ஒன்பது பங்கு. அணையைக் கவிழ்க்க முயலும் திருப்பு விளைவு கூடியது பதினான்கு பங்கு. இவற்றை எதிர்த்து நிற்பது அணையின் சொந்த எடை. ஆதலின் இதனை ஈர்ப்பு அணை என்பர்.

இன்னொரு விசையும் உண்டு. அணையின் அடியில் கசியும் நீர் அதனை மேல்நோக்கித் தூக்கும். அந்த அளவுக்கு அணையின் பயன்படு எடை குறையும். பெரியாற்று அணை திறக்கப்பட்ட அதே 1895இல், ஏப்ரல் மாதத்தில், பிரான்சு நாட்டில் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே பொறியாளர் உலகம் இந்தத் தூக்குவிசையைக் கணக்கில் சேர்க்கத் தலைப்பட்டது. நம் அணையோ அதற்கு முன்பே வரையப்பட்டது.

1979இல் குஜராத்தில் மோர்வி நகருக்கு மேலே மச்சு அணை உடைந்தபோது, பெரியாற்று அணை பற்றிய அச்சமும் கேரள மக்களிடையே ஓங்கியது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. தொடர்ந்து அணையின் முடிமீது கான்கிரீட் சுமை ஏற்றினார்கள். அணையைத் துளைத்து அடிப்பாறைவரை எஃகு வடங்கள் இறக்கி இறுக்கினார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டு எழுப்பி, கசியும் நீரை வடிக்க வழி செய்தார்கள். இவை ஒவ்வொன்றும் முன்சொன்ன கணக்குகளுக்கு விடையே: முடிச்சுமையும் வடமும் கீழ்நோக்கிய விசையைக் கூட்டுவன, முட்டு எடையையும் அகலத்தையும் கூட்டுவது, வடிகால் தூக்குவிசையைக் குறைப்பது. நெடிய வழக்குக்குப் பின், வல்லுநர் குழுவின் ஆய்வை ஏற்று, 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் 142 அடிவரை நீர் தேக்க இசைவளித்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைக்கச் செய்தது.

அணைக்குக் கீழே மேற்கில் வாழ்வோர் தங்கள் உயிருக்கு அஞ்சுகிறார்கள். கிழக்கில் வாழ்வோர் தங்கள் பயிருக்கு அஞ்சுகிறார்கள். இரண்டு அச்சமும் மனித அச்சமே. ஒன்றை மற்றொன்று இகழ்வது அறமாகாது. ஆயினும் அச்சத்தால் மட்டும் ஆறடி நீரின் நியாயத்தைத் தீர்க்க இயலாது. ஆழம் எவ்வளவு, விசை எவ்வளவு, கசிவு எவ்வளவு, எதிர்த்து நிற்கும் எடை எவ்வளவு என்று அளந்து அறிதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, பாடநூலில் அழுத்தம் பற்றிய பாடம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு பக்கத்தின்மீதுதான் இரண்டு மாநிலத்து மக்களின் சோறும் உயிரும் நிற்கின்றன. நாளை உங்களுள் சிலர் அணைகளைக் காப்பீர்கள். மற்றவர் அவற்றைப் பற்றி வாக்களிப்பீர்கள். இருசாராருக்கும் அந்தப் பாடம் தெரிந்திருத்தல் வேண்டும்.