டோப்பா வைத்த பாதிரியார்

சேத்தியாத்தோப்பில் என் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஒரு வெள்ளைக்காரர்; சுருள் சுருளான டோப்பா, கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டி.

"யாரோ இங்கிலீஷ் பாதிரியாம், ஸார். சிதம்பரத்தில் பழைய புத்தகத்தோடு வந்தது" என்றார் நண்பர்.

இங்கிலீஷ்காரர் அல்ல, ஜெர்மானியர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குதான் அவர். நண்பரைக் குற்றம் சொல்வதற்கில்லை. சீகன்பால்குக்கு அச்சு யந்திரம் அனுப்பி உதவியது லண்டனிலிருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம். தவிர, அந்தக் காலத்து ஐரோப்பியச் சித்திரக்காரர்களுக்கு மதகுரு என்றால் எந்த தேசத்தாரானாலும் ஒரே அங்கி, ஒரே டோப்பா!

மூலப்படம் செப்புத் தகட்டில் உளியால் கீறியது. கீறலுக்குள் மசியைத் தேய்த்து, மேலே துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தி எடுப்பார்கள். நண்பரிடம் இருப்பது அதன் நகல்.

இந்த முகத்தைப் பார்த்தால், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகியவர் என்று தோன்றுகிறதா? 1708-ஆம் வருஷக் கடைசியில் டேனிஷ் கவர்னரால் சிறையில் தள்ளப்பட்டு நான்கு மாதம் கிடந்தவர் என்றுதான் தோன்றுகிறதா? டோப்பா எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. 1713-ல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றி ஜெர்மன் பாஷையில் ஒரு நூல் எழுதி ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். சிவன், விஷ்ணுவோடு நிற்கவில்லை; ஐயனார், மாரியம்மன், பிடாரி என்று நம் ஊர் எல்லைத் தெய்வங்கள்வரை விசாரித்து எழுதியிருந்தார். ஹாலேயில் அவருடைய குருநாதர் போலிருந்த பிராங்கே அதை அச்சிடச் சம்மதிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள், அதை ஐரோப்பாவில் பரப்பலாமா என்பது அவர் கட்சி. அவர் நிலையில் அது நியாயமாகவே பட்டிருக்கும். ஆனால், 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்த மனிதருடைய சொந்த நூல், 1867-ல் ஜெர்மான் என்ற பாதிரியாரின் முயற்சியால் சென்னையில்தான் அச்சேறிற்று. 154 வருஷம்! நூலாசிரியரோ 1719-லேயே, நாற்பது வயதைக்கூட எட்டாமல், காலமாகிவிட்டார். அவர் முகத்தைத் தகட்டில் கீறி அச்சிட மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் உள்ளே போய் ஒரு துண்டுக் காகிதம் கொண்டுவந்தார்.

"பேரை எழுதிக் கொடுங்கள், ஸார். கீழே ஒட்டிவிடுகிறேன்."

தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.