ஒட்டகம் வேண்டும், ஓட்டியவர் வேண்டாம்

ஆஸ்திரேலியாவின் 'ஆப்கானிய' ஒட்டகக்காரர்களின் கதையை முடித்துவைக்க எல்லோரும் லாரியைத்தான் கூப்பிடுகிறார்கள். 1920களில் மோட்டார் வண்டி வந்தது, ஒட்டகம் போனது, கூடவே அதை ஓட்டியவர்களும் மறைந்தார்கள் என்று சொல்லிவிட்டால் பழி யார் தலையிலும் விழாது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், லாரி பரவுவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே சட்டம் அவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது தெரியும்.

குதிரைக்குத் தண்ணீரும் மாட்டுக்குப் புல்லும் கிடைக்காத நிலத்தில் வெள்ளையர் குடியேற்றத்துக்கு ஒட்டகம் தேவைப்பட்டது. 1860இல், கண்டத்தின் உட்பகுதியை ஆராயப் புறப்பட்ட பர்க்–வில்ஸ் பயணக் குழுவுக்காக இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்பர்னுக்கு வந்தன. 1866இல் பண்ணை முதலாளி தாமஸ் எல்டர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் போர்ட் அகஸ்டாவில் இறக்கினார். பின்னர் வந்தவர்களையும் சேர்த்து சில ஆயிரம் பேர். 'ஆப்கானியர்' என்ற ஒரே பெயருக்குள் பஷ்தூன்கள், பலூச்சிகள், பஞ்சாபிகள், சிந்திகள் என்று பலர். அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் இந்தியாவின் குடிகள். விலங்கோடு இறக்குமதியானது ஒரு தொழில்நுட்பம். மண்டியிட்ட ஒட்டகத்தின் இரு பக்கமும் பாரம் சமமாக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் சேணம் முதுகை அறுத்துப் புண்ணாக்கிவிடும். மூக்கில் செருகிய மரக்குச்சியில் கட்டிய கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, கம்பளி மூட்டை, மாவு, தந்திக் கம்பி, பியானோ எல்லாவற்றையும் நடத்திக்கொண்டு போனார்கள். 1873இல் நில அளவையாளர் வில்லியம் காஸ் உலுரு பாறையின் உச்சிக்கு ஏறியபோது உடன் ஏறியவர் கம்ரான் என்ற ஒட்டகக்காரர்.

இந்த உழைப்பை விரும்பி வாங்கிக்கொண்ட நாடு, 1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வருகிறவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். ஏற்கெனவே அங்கே பாடுபட்டவர்கூட ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் புகைப்படத்தோடு கைரேகையும் பதிந்திருக்கும். 1902இன் சட்டம் ஆசியாவில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக வாக்குரிமையை மறுத்தது. 1903இன் சட்டம் அவர்கள் குடியுரிமை கோரும் வழியை அடைத்தது. விக்டோரியா மகாராணியின் குடிகளாக வந்திறங்கியவர்களுக்கே இந்த மரியாதை!

மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தானே, திரும்பிப் போவதுதானே இயல்பு என்று கேட்கலாம். பலர் திரும்பியது உண்மைதான். ஆனால் மூன்று வருடத்தில் மூட்டை கட்டுகிறவர்கள் 1880களின் இறுதியில் அடிலெய்டில் கல்லால் பள்ளிவாசல் எழுப்ப மாட்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீயில் தங்களுக்கென்று தனிக் குடியிருப்பு அமைத்து, பழங்குடிப் பெண்களையோ ஐரோப்பியப் பெண்களையோ மணந்து பிள்ளைகளை வளர்க்க மாட்டார்கள். ஃபைஸ் மஹோமத், டாக் மஹோமத் சகோதரர்களும் போர்க் நகரத்து அப்துல் வேடும் பெரும் முதலாளிகளாகவில்லையா என்ற கேள்விக்கும் இடமுண்டு. ஆனார்கள், ஆனால் சட்டங்கள் வருமுன் போட்ட அடித்தளத்தின் மேல். 1890களில் தங்கச் சுரங்க ஊரான கூல்கார்டியில் ஆப்கானியர் எதிர்ப்புச் சங்கம் கூடியது அந்த வளர்ச்சியைப் பொறுக்காமல்தான் என்று தோன்றுகிறது.

எப்படியும் லாரி ஒட்டகத்தை வென்றிருக்கும் என்பதே வலுவான மறுப்பு. வென்றிருக்கும். மாட்டுவண்டியையும் அது வென்றது. ஆனால் மாட்டுவண்டி வைத்திருந்த வெள்ளையருக்கு வாக்கு இருந்தது, குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி இருந்தது. தொழில் மாறிப் பிழைத்தார். ஒட்டகக்காரருக்கு 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா தந்தது ஒட்டக அழிப்புச் சட்டம். அதற்குப் பிறகும் ஒட்டகத்தின் தேவை தீர்ந்துவிடவில்லை. 1939இல் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்ட நிலவியலாளர் செசில் மேடிகன் மோட்டார் வண்டியை நம்பவில்லை. ஒட்டகங்களோடுதான் போனார், அவற்றை நடத்தியவர்களில் ஒருவர், மாரீயின் மூத்த ஒட்டகக்காரர் பெஜா தர்வீஷின் மகன்.